பிரெஞ்சுத் தங்கமுலாம் வெண்கல மெழுகுவர்த்தித் தாங்கிகள்: அசல், நகல், நகலின் நகல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பொருளைப் பற்றிய பக்கம் இது?

ஒரு பெண்ணோ, சிறகு முளைத்த குழந்தையோ, ஆட்டுக்கால் கொண்ட வனதேவனோ நின்றபடி சில கிளைகளைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஒவ்வொரு கிளை நுனியிலும் மெழுகுவர்த்தி செருக ஒரு குழல், அதன் கீழே மெழுகு சொட்டுவதற்கு ஒரு சிறு தட்டு. எல்லாம் வெண்கலத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசியது. இதைத்தான் கேண்டலாப்ரா என்கிறார்கள். பாரிஸ் பட்டறைகளில் 18ஆம் நூற்றாண்டில் உச்சம் தொட்ட வேலை இது. 19ஆம் நூற்றாண்டில் அதே மாதிரிகளை மறுபடி மறுபடி வார்த்தார்கள். இன்றும் வார்க்கிறார்கள். அதனால்தான் ஏல அறிவிப்புகளில் ஒரே பெண் ஒரே குடத்தோடு ஒரே வாரத்தில் பத்து விலையில் நிற்கிறாள்.

பிரபுக்கள் வெள்ளியில் செய்துகொள்ளாமல் வெண்கலத்துக்கு ஏன் போனார்கள்?

வெள்ளியில் செய்தவை நிலைக்கவில்லை. போர்ச் செலவுக்குப் பணம் போதாமல் 1689இல் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையின் வெள்ளித் தளவாடங்களையே உருக்கி நாணயம் அடித்தார். வெண்கலத்தை உருக்கிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பூசிய தங்கமும் கொஞ்சம்தான். கைவேலைக்குத்தான் மதிப்பு. பல துண்டுகள் பிழைத்து நம் காலம் வரை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளே இருப்பது உண்மையில் வெண்கலமா? நகைக்கடையில் பித்தளை என்கிறார்களே!

அவர்கள் சொல்வதில் தப்பில்லை. முலாம் பூசுவதற்காகப் பாரிஸில் வார்த்த கலவையில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு செம்பு, மீதியில் பெரும்பங்கு துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும். கறாராகப் பார்த்தால் அது பித்தளைக்கு நெருங்கிய உறவு. அச்சுக்குள் நன்றாக ஓடும், உளிக்கு இணங்கும், முலாமில் தங்கத்தை வீணாகக் குடிக்காது. ஆகவே பித்தளை என்று சோதனையில் வந்தால் ஏமாந்துவிட்டோமே என்று பதற வேண்டாம். முழுக்கத் துத்தநாகம் என்று வந்தால்தான் கவலை. அதற்குக் கீழே வருகிறேன்.

சில உருவங்கள் கறுப்பாக இருக்கின்றன. முலாம் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பதினாறாம் லூயி (1774–92) காலத்திலிருந்தே உருவத்துக்கு மட்டும் கரும்பழுப்பு நிறம் ஏற்றி, கிளைகளுக்கும் பீடத்துக்கும் தங்கம் பூசுவது ஒரு பாணி. வெள்ளைச் சலவைக்கல் பீடம், அதன் மேல் கரிய குழந்தை, கையில் பொன் கிளை என்று மூன்று நிறம். அந்தக் கருமையைத் தேய்த்து எடுத்துவிட்டால் போனது போனதுதான்.

பாதரச முலாம் என்கிறார்களே, அது எப்படிச் செய்வது?

தங்கத்தை மெல்லிய தகடாக்கி, வெட்டி, சூடேற்றிய பாதரசத்தில் போட்டால் கரைந்துவிடும். ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் எட்டுப் பங்கு பாதரசம். அதை மென்தோலில் கட்டிப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் கசிந்து, வெண்ணெய்ப் பதத்தில் ஒரு ரசக்கலவை மிஞ்சும். வார்த்துச் செதுக்கி முடித்த துண்டை அமிலத்தில் கழுவி, பித்தளைக் கம்பித் தூரிகையால் இந்தக் கலவையைத் தடவி, கரி அடுப்பின் மேல் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடும். தங்கம் செம்போடு பிணைந்து நிற்கும். போதாது என்று பட்டால் இன்னொரு முறை, அப்புறம் இன்னொரு முறை.

இதோடு வேலை முடியாது. சுட்டெடுத்ததும் நிறம் மங்கலாக இருக்கும். எங்கே பளபளப்பு வேண்டுமோ அங்கே அகேட் கல்லால் அழுத்தி அழுத்தி மெருகேற்றுவார்கள். மற்ற இடங்களுக்கு உப்பு, வெடியுப்பு, படிகாரம் கலந்த குழம்பைப் பூசிச் சுட்டு, சட்டென்று தண்ணீரில் முக்குவார்கள். அங்கே பட்டுப் போன்ற மங்கல் பொன் வரும். உடலின் தோலுக்கு மங்கல், சேலை மடிப்பின் ஓரத்துக்கு மெருகு, இலை நரம்புக்கு மெருகு, இலைப் பரப்புக்கு மங்கல். மின்விளக்கின் தட்டையான வெளிச்சத்தில் இந்த வேறுபாடு பாதி செத்துவிடுகிறது. மெழுகுவர்த்திச் சுடர் அசையும்போது மெருகு மின்னி மின்னி மறையும், மங்கல் நிதானமாக ஒளிரும். செய்தவர்கள் அந்தச் சுடரை மனதில் வைத்துத்தான் செய்தார்கள்.

முலாம் போட்டவர்களின் உடம்பு என்ன ஆனது?

பாதரச ஆவியைத் தினமும் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, பல் ஆடி விழுந்தது, வாய் குழறியது. எல்லோருக்கும் தெரிந்தே நடந்த கொடுமை. நெப்போலியனின் பேரரசுக் காலத்தின் பெரிய வெண்கல வணிகர் ஆந்துவான்-ஆந்த்ரே ராவ்ரியோ 1814இல் இறந்தபோது, முலாம் வேலைக்காரர்களை இந்த விஷத்திலிருந்து காக்க வழி சொல்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்தார். அந்தப் பரிசை வாங்கியவர் வேதியியலாளர் தார்சே. ஆவியை மேலே இழுத்துக்கொள்ளும் புகைபோக்கி வைத்த அடுப்பு அவருடைய யோசனை. அதை விளக்கி அவர் எழுதிய ஆய்வுரை 1818இல் அச்சானது. தொழிலின் ஒவ்வொரு படியையும் அதில் எழுதி வைத்ததால், பழைய முறையை அறிய இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

1830இல் பாதரச முலாம் தடை செய்யப்பட்டது, ஆகவே பாதரசம் இருந்தால் அதற்கு முந்தையது. சரிதானே?

விற்பனைப் பக்கங்களில் இந்த வாக்கியம் சலிக்காமல் வரும். நம்ப வேண்டாம். ஆன்ரி தஸோன் போன்ற பாரிஸ்காரர்கள் 1870களிலும் 1880களிலும் நல்ல பாதரச முலாம் போட்டிருக்கிறார்கள். தங்கள் பெயரையும் ஆண்டையும் பொறித்தே விற்றிருக்கிறார்கள். பாதரச முலாமைப் பின்னுக்குத் தள்ளியது மலிவான மின்முலாம். 1840இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் காப்புரிமை வாங்க, 1842இல் சார்ல் க்ரிஸ்டோஃப்ல் அந்த உரிமையை பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு இரண்டு முறைகளும் பல பத்தாண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பாதரசம் இருந்தால் 'வேலை தரமானது' என்பதற்கு அது ஒரு குறிப்பு. வயதுக்குச் சான்று ஆகாது.

பெரிய பெயர்கள் யார் யார்?

பியர் கூத்தியேர் முதலில். 1758இல் முலாம் வேலையில் ஆசானாகச் சேர்ந்தவர். மங்கல் பொன் முறையோடு எப்போதும் அவர் பெயர் ஒட்டியே வரும். பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மாதாம் துய் பாரியும், பதினாறாம் லூயியின் அரசி மரி ஆந்துவானெத்தும் வாடிக்கையாளர்கள். இத்தனை இருந்தும் கடன் தீராமல் திவாலானார். துய் பாரி கில்லட்டினுக்குப் போனபின் அங்கிருந்து வர வேண்டிய பாக்கியும் வரவில்லை. 1813இல் ஏழையாகத்தான் இறந்தார்.

அவரிடம் தொழில் கற்றவர் பியர்-ஃபிலிப் தோமீர். 1751இல் பிறந்து 1843 வரை வாழ்ந்தார். சிற்பம் பயின்று, செவ்ர் பீங்கான் ஆலைக்கு வெண்கல வேலை செய்து, புரட்சியையும் தாண்டி நின்று, 1804இல் ஒரு பெரிய வணிகத்தை வாங்கி நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனமாக்கினார். நெப்போலியன் மகனுக்குச் செய்த, தங்கமுலாம் பூசிய வெள்ளித் தொட்டிலில் இவர் கையும் உண்டு; அது இப்போது வியன்னாவில். ஃப்ரான்சுவா ரெமோன், க்ளோத் கால் ஆகியோரும் அதே வரிசை.

உருவத்துக்கு மாதிரி செய்தவர்கள் வேறு ஆட்கள்: க்ளோதியோன், ஃபால்கோனே, புவாசோ போன்ற சிற்பிகள். மாதிரி ஒருவர், வார்ப்பு ஒருவர், சிற்றுளி வேலை ஒருவர், முலாம் ஒருவர், விற்பது வணிகர். 1776 வரை வார்ப்பவர்களுக்கும் முலாம் பூசுபவர்களுக்கும் தனித்தனிச் சங்கம். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைத்தால் வழக்கு. ஆகவே 'இதைச் செய்தவர் யார்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரில் பதில் சொல்வது எப்போதுமே கொஞ்சம் பொய்.

உருவத்தைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடியுமா?

பாணியைச் சொல்லலாம். பதினைந்தாம் லூயி (1715–74) காலம் என்றால் வளைந்து நெளியும் இலைகள், இருபுறமும் பொருந்தாத வடிவம், நடுவே விளையாடும் குழந்தைகள். பதினாறாம் லூயி என்றால் கிரேக்கச் சாயலில் நேராக நிற்கும் பெண், கையில் கொம்பு அல்லது குடம், அதிலிருந்து அல்லி, ரோஜா, பாப்பி மலர்களாகக் கிளைகள். நெப்போலியன் காலத்தில் உருண்டையின் மேல் நுனிக்காலில் நிற்கும் சிறகுள்ள வெற்றித் தேவதை. 1798 எகிப்துப் படையெடுப்புக்குப் பின் எகிப்தியத் தலைகள்.

ஆனால் 1860இல் வார்த்தவரும் இதே உருவங்களைத்தான் வார்த்தார். பாணியை வைத்து 'இதற்கு முந்தியது இல்லை' என்று சொல்லலாம். 'இந்த ஆண்டினது' என்று சொல்ல முடியாது.

என் துண்டின் அடியில் 'க்ளோதியோன்' என்று பொறித்திருக்கிறது. அசல்தானே?

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

க்ளோதியோன் என்ற க்ளோத் மிஷெல் 1738இல் பிறந்து 1814இல் இறந்த சிற்பி. சுடுமண்ணில் கைதேர்ந்தவர். மது மயக்கத்தில் ஆடும் பெண்கள், வனதேவர்கள், திராட்சைக் குலையோடு குழந்தைகள் எல்லாம் அவர் கைவண்ணம். 19ஆம் நூற்றாண்டு வெண்கலப் பட்டறைகளுக்கு அவருடைய உருவங்கள் அலுக்கவே இல்லை. அவர் மாதிரியை ஒட்டியும், அவர் சாயலில் தாங்களே புதிதாக வனைந்தும் வார்த்து, பீடத்தின் பக்கவாட்டில் அவர் பெயரைப் பொறித்தார்கள். பல நேரம் அதில் ஏமாற்றும் எண்ணம் இல்லை. மாதிரி யாருடையது என்று சொல்லும் வழக்கம். வாங்கியவர்களுக்கும் அன்று அது தெரியும். மூன்று தலைமுறை தாண்டிப் பேரப்பிள்ளை எடுத்துப் பார்க்கும்போதுதான் அது 'கையெழுத்து' ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் மரத் தளவாடம் செய்தவர்கள் முத்திரை குத்தியே ஆக வேண்டும் என்று சங்க விதி இருந்தது. வெண்கலக்காரர்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆகவே அந்த நூற்றாண்டின் நல்ல துண்டுகளில் பெரும்பாலானவை பெயரில்லாதவை. அவற்றை அடையாளம் காட்டுவது பழைய கணக்குப் புத்தகம், அரண்மனைப் பதிவேடு, ஏலப் பட்டியல், அச்சான வரைபடம். பெரிதாக, தெளிவாக, கண்ணில் படும் இடத்தில் 18ஆம் நூற்றாண்டுக்காரர் பெயர் இருந்தால் என் சந்தேகம் கூடத்தான் செய்யும். தோமீர் விதிவிலக்கு, பேரரசுக் காலத்தில் அவர் நிறுவனம் பல துண்டுகளில் பெயர் பொறித்தது. கூத்தியேர் பெயரோ 19ஆம் நூற்றாண்டில் நல்ல முலாம் எதைப் பார்த்தாலும் ஒட்டிவிடும் சீட்டாகிவிட்டது.

கிரீடம் வைத்த 'சி' முத்திரை?

அது வரி முத்திரை. 1745 முதல் 1749 வரை செம்புக் கலவைப் பொருள்களுக்கு விதித்த வரியைக் கட்டியதற்கு அடையாளமாகக் குத்தியது. அந்த ஆண்டுகளில் செய்தது அல்லது விற்றது என்று அர்த்தம். முன்பே செய்த துண்டு அப்போது கைமாறியிருந்தாலும் முத்திரை விழுந்திருக்கும். மிகச் சிறியது, இலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். இதையும் போலியாகக் குத்துகிறார்கள். நெப்போலியன் கால வெற்றித் தேவதையின் மேல் இந்த முத்திரையைக் கண்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

19ஆம் நூற்றாண்டு நகல் என்றால் போலி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இங்கே நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

புரட்சிக்குப் பின் 1793-94இல் வெர்சாய் அரண்மனையின் உடைமைகள் 17,000க்கும் மேற்பட்ட தொகுதிகளாக ஏலம் போயின. நல்லதெல்லாம் கடல் தாண்டியும் போயிற்று. அப்புறம் மூன்றாம் நெப்போலியன் காலம் வந்தது. பேரரசி யூஜெனிக்கு மரி ஆந்துவானெத் என்றால் உயிர். 1867இல் த்ரியானோன் மாளிகையில் அவர் நினைவாகக் கண்காட்சியே நடத்தினார். பணக்காரர்கள் எல்லோருக்கும் பதினாறாம் லூயி அறை வேண்டும், பழைய துண்டுகளோ போதாது. அசலையே வீட்டில் வைத்திருந்த நான்காம் ஹெர்ட்ஃபோர்டு பிரபுகூட, கிடைக்காத அரச தளவாடங்களுக்கு நகல் செய்யச் சொல்லிப் பாரிஸ் பட்டறைகளுக்குக் காசு கொடுத்தார்.

இந்தத் தேவைக்கு வேலை செய்தவர்கள் பெர்த்லே, தஸோன், பார்பெடியன், தெனியேர், அப்புறம் லின்க். பெர்த்லே பட்டறையின் சிற்றுளி வேலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், சில 18ஆம் நூற்றாண்டுத் துண்டுகள் சோம்பேறி வேலையாகத் தெரியும். ஏலத்திலும் அப்படித்தான்: நல்ல பட்டறை முத்திரையுள்ள 1880 துண்டு, பெயரில்லாத சுமாரான 1780 துண்டைத் தாண்டிப் போவது சாதாரணம். 'நகல்' என்று ஒரே வார்த்தையில் பார்பெடியனையும், பளபளப்புப் பூச்சடித்த ரெசின் பொம்மையையும் ஒரே கூடையில் போடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய அநியாயம்.

பார்பெடியன் துண்டில் 'கோலா' பெயரோடு ஒரு வட்ட முத்திரை இருக்கிறது. என்ன அது?

அஷீல் கோலா 1830களில் உருவாக்கிய இயந்திரத்தைக் குறிக்கும் முத்திரை. ஒரு முனை சிற்பத்தின் மேல் தடவிக்கொண்டே போகும், மறுமுனை அதே வடிவத்தைச் சிறிதாக வெட்டும். பழைய சிற்பங்களைப் பாதி, கால் அளவில் துல்லியமாக எடுத்து வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது இதுதான். 1838இல் ஃபெர்டினான் பார்பெடியனும் கோலாவும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1892இல் பார்பெடியன் இறந்தபின் அவர் உறவினர் நிறுவனத்தை 20ஆம் நூற்றாண்டுக்குள் நடத்திப் போனார். அதனால் பெயரை மட்டும் வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

பழைய துண்டிலிருந்தே அச்செடுத்து வார்த்தால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அளவுகோல் இருந்தால். உருகிய கலவை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். 60 செ.மீ. உயர மூலத்திலிருந்து அச்செடுத்தால் நகல் ஏறத்தாழ ஒரு செ.மீ. குள்ளமாக வரும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் இன்னும் குள்ளம். அதோடு விளிம்புகள் மழுங்கும்: விரல் இடுக்கு அடைபடும், கண்ணிமை கரையும், மயிர்க்கற்றை களிமண் கட்டியாகும். மூலத்தின் அளவு அருங்காட்சியகப் பட்டியல்களில் இருக்கும். எடுத்து ஒப்பிடுங்கள், கிளைகளை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் அளப்பது நல்லது.

கையில் கிடைத்தால் முதலில் எங்கே பார்ப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள். முகத்தில் எல்லோரும் கவனம் செலுத்தியிருப்பார்கள். தலைகீழாகத் திருப்புங்கள், கனமாக இருக்கும், இரண்டு கை போதாது, கீழே மெத்தை போட்டுக்கொள்ளுங்கள்.

அடியில் முலாம் பூசாத வெறும் உலோகம் தெரியும். பாதரச முலாமில் தங்கத்துக்குச் செலவு அதிகம் என்பதால் கண்ணில் படாத இடத்துக்குப் பூச மாட்டார்கள். ஆனால் விளிம்பில் தூரிகை தவறி உள்பக்கம் வழிந்த பொன் திட்டுகள், கோடுகள் இருக்கும். அந்த ஒழுங்கற்ற ஓரம் நல்ல அறிகுறி. மின்முலாம் தொட்டியில் முக்கி எடுப்பது. உள்ளும் புறமும் மூலை முடுக்கும் ஒரே நிறம், ஒரே மினுக்கம்.

அப்புறம் பொருத்துகள். ஒரு கேண்டலாப்ரா ஒரே வார்ப்பு அல்ல. கை தனி, கிளை தனி, இலை தனி, பூ தனி. எல்லாவற்றையும் திருகியும் கம்பியில் கோத்தும் மாட்டுவார்கள். பழைய திருகாணிகள் கையால் வெட்டியவை: மரை சீராக இருக்காது, தலை முழு வட்டமாக இருக்காது, ஒரு துளையின் ஆணி இன்னொரு துளைக்குப் போகாது. அதனால் கிளையிலும் துளையிலும் ஜோடியாகப் புள்ளியோ கோடோ ரோமன் எண்ணோ கீறி வைத்திருப்பார்கள். எல்லாம் ஒரே அச்சில் வந்த இயந்திர மரை என்றால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு வாருங்கள். கூட்டல் குறித் தலை திருகாணி 1930களின் சரக்கு. ஆனால் பழுது பார்த்தவர் மாற்றியிருக்கலாம். ஒரு ஆணியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் எல்லாவற்றையும் பாருங்கள்.

கடைசியாகச் சிற்றுளி வேலை. வார்ப்பு வெளியே வரும்போது தோல் சொரசொரப்பாக இருக்கும்; செதுக்குபவர் அதன் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்து சேலையின் நெசவு, சிறகின் இழை, இலையின் நரம்பு என்று ஒவ்வொன்றாக எடுப்பார். இலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல துண்டில் சுவர்ப்பக்கம் நிற்கும் இலைக்கும் நரம்பு இருக்கும்.

துத்தநாக வார்ப்பு என்றால் என்ன? எப்படித் தெரியும்?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுத்தர வீடுகளுக்காக மலிவாகத் துத்தநாகத்தில் வார்த்து, வெண்கல நிறமோ பொன் நிறமோ பூசினார்கள். எடை குறைவு, தட்டினால் மந்தமான ஒலி, உடையும்போது மொரமொரவென்று உடையும். அடியில் மறைவான இடத்தில் ஊசியால் லேசாகக் கீறினால் வெண்கலம் மஞ்சளாக மின்னும், துத்தநாகம் சாம்பல் வெள்ளி. கடையில் கேட்காமல் கீறாதீர்கள். சில உருவங்களில் உடல் துத்தநாகம், கிளை மட்டும் பித்தளை.

பாதரச முலாமா, மின்முலாமா என்று கருவி வைத்துப் பார்க்க முடியுமா?

முடியும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும். நம் ஊர் நகைக்கடைகளில் காரட் மீட்டர் என்று வைத்திருப்பது இதே தத்துவம்தான். பாதரசம் தெரிந்தால் பழைய முறை முலாம். தெரியாவிட்டால் பழைய துண்டே பின்னால் மின்முலாம் ஏறியிருக்கலாம். பல ஜோடிகளுக்கு அப்படி நடந்திருக்கிறது. நிறமேற்றிய வார்னிஷ் மட்டும் பூசியதும் உண்டு. அது தேய்ந்த இடத்தில் பச்சையும் பழுப்புமாகப் புள்ளி விழும். தங்கம் அப்படிக் கறுக்காது.

கிளைக்குள் துளை போட்டு ஒயர் இழுத்திருக்கிறது. மதிப்புக் குறையுமா?

பழைய துண்டுக்குக் குறையும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மின்சாரம் வர வர, கிளைகளைக் குடைந்து ஒயர் விட்டார்கள். வெளிப்பக்கமாகக் கிளையோடு சுற்றிவிட்ட ஒயர் என்றால் அதிர்ஷ்டம், கழற்றிவிடலாம். துளை ஆரம்பத்திலிருந்தே உள்ளே நேர்த்தியாக ஓடுகிறது, முலாம் துளை ஓரத்திலும் ஏறியிருக்கிறது என்றால் அது மின்விளக்குக்காகவே வார்த்தது. அப்போது '18ஆம் நூற்றாண்டு' பேச்சு முடிந்தது.

ஒற்றையாக இருந்தால் வாங்கலாமா?

இவை ஜோடியாகப் பிறந்தவை. ஒன்றில் உருவம் இடம் திரும்பினால் மற்றதில் வலம். அல்லது ஒன்றில் ஆண், மற்றதில் பெண். ஒற்றைக்கு விலை பாதியைவிடக் குறைவு. அழகுக்காக வாங்கினால் ஒற்றையே லாபம். ஜோடி என்று சொன்னால் இரண்டையும் அருகருகே வைத்து உயரம், கிளை எண்ணிக்கை, சலவைக்கல்லின் நரம்பு, பீடத்தின் மணிக்கோடு எல்லாம் ஒப்பிடுங்கள். பழைய உருவத்தைப் புதுப் பீடத்தில் ஏற்றியதும், கடிகாரத்தின் பக்கத்து உருவத்தைக் கழற்றிக் கிளை மாட்டியதும் சந்தையில் நிறையவே உண்டு. உருவத்தின் கை விரல்கள் கிளையை உண்மையாகவே பற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேறு எதற்கோ செய்த கை என்றால் பிடி பொருந்தாது.

எப்படிச் சுத்தம் செய்வது? புளி போட்டுத் துலக்கலாமா?

வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, விளக்குத் துலக்கும் பொடி, மெட்டல் பாலிஷ் எதுவும் ஆகாது. குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை. தேய்த்தால் புதுப் பித்தளை வரும். இங்கே மேலே இருக்கும் படலம்தான் சொத்து, தேய்த்தால் அடியில் உள்ள பித்தளை வரும்.

தூசிக்கு மெல்லிய தூரிகை. கெட்டியான மெழுகை வெதுவெதுப்பான காற்றில் இளக்கி மூங்கில் குச்சியால் எடுக்கலாம். அழுக்கு அதிகம் என்றால் காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு ஒரு துளி, பருத்தித் துணி, உடனே துடைத்து உலர்த்துவது. சலவைக்கல் பீடத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. உள்ளே இரும்புத் தண்டு இருந்தால் துரு கசிந்து கல்லில் கறை விழும். கரும்பழுப்பு உருவத்தைச் சோப்பிலும் தொடாதீர்கள்.

முலாமில் கொஞ்சம் பாதரசம் இன்னும் தங்கியிருக்கும். தொடுவதால் ஆபத்தில்லை. ஆனால் உடைந்த கிளையைப் பற்றவைக்கிறேன் என்று தீயில் காட்டும் வேலையைத் தெரியாத பட்டறையில் கொடுக்க வேண்டாம்.

தேய்ந்துபோன முலாமைப் புதுப்பிக்கலாமா?

என் கருத்தில் வேண்டாம். மூக்கு நுனியிலும் முழங்காலிலும் தேய்ந்திருப்பது இயல்பு. புதிதாக மின்முலாம் ஏற்றினால் மங்கலும் மெருகும் ஒன்றாகிவிடும். 20ஆம் நூற்றாண்டின் வணிக நகல் என்றால் உங்கள் விருப்பம்.

மெழுகுவர்த்தி ஏற்றலாமா?

ஏற்றலாம். குழல் அளவுக்குப் பொருந்தும், அதிகம் சொட்டாத வர்த்தி வாங்கி, நேராக நிறுத்துங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் தேவதை தலையெல்லாம் மெழுகு. ஒயர் இழுத்ததில் ஏற்றக் கூடாது.

நம் ஊரில் கிடைக்குமா? சட்டச் சிக்கல் உண்டா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளுக்காக ஐரோப்பாவிலிருந்து இறக்கிய விளக்குகளும் கண்ணாடிகளும் வருவது உண்டு. புதுச்சேரியிலும் தேடலாம். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு என்று சொன்னால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். நூறு ஆண்டு தாண்டிய சிற்ப வேலையை இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துப் போக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். வெளிநாட்டு மகனுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் தொல்லியல் துறையில் கேட்டுவிடுங்கள்.

ஏலப் பட்டியலை எப்படிப் படிப்பது?

'பதினாறாம் லூயி' என்று மட்டும் இருந்தால் அந்தக் காலத்தது என்று அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். 'பதினாறாம் லூயி பாணி' என்றால் பின்னால் வந்தது. 'க்ளோதியோனை ஒட்டி' என்றால் மாதிரி அவருடையது, வார்ப்பு யாருடையதோ. 'தோமீருடையது எனக் கருதப்படுகிறது' என்றால் ஒரு நிபுணரின் கருத்து. அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு எழுதுங்கள். நல்ல ஏல நிறுவனம் துண்டின் நிலை அறிக்கையை இலவசமாக அனுப்பும். அடிப்பாகம், திருகாணி, கிளையின் பின்பக்கம் ஆகிய படங்களையும் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

கண்ணைப் பழக்கிக்கொள்ள நல்ல துண்டுகளை எங்கே பார்க்கலாம்?

பாரிஸில் லூவ்ர், அப்புறம் நிசிம் த காமோந்தோ அருங்காட்சியகம். இரண்டாவது ஒரு வீடு போலவே இருப்பதால் இவை கணப்பின் மேல் எப்படி நிற்க வேண்டும் என்று புரியும். நியூயார்க்கில் ஃப்ரிக். லண்டனில் வாலஸ் தொகுப்பு. ஹெர்ட்ஃபோர்டு பிரபு சேர்த்த அசல்களும் அவர் செய்யச் சொன்ன நகலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணமும் கிடையாது.